ஒரு கைப்பிடி வண்ண மக்ரோனி

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

 

மருத்துவமனைப் போதகர் எழுந்தால் ஒரு வேதபகுதியை வாசித்துவிட்டு அரை மணி நேரம் பிரசங்கிப்பார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று எங்கள் கையில் வேதாகமத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் இருக்கிறது. உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று சின்னச் சின்னக் குழல்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, "குழல் அப்பளம்!" என்கிறான். பாதி சரி. நாம் எல்லாருமே சிறுவயதில் கலர் குழல் அப்பளத்தைப் பத்து விரல்களிலும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு விரலாய்க் கடித்துத் தின்றவர்கள்தானே! ஆனால் இது பொரிப்பதற்கு அல்ல. இது மக்ரோனி. கோதுமை ரவையைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாய்ப் பிசைந்து, முறுக்கு பிழிவதுபோல அச்சில் பிழிந்து, வெட்டி உலர்த்தியது. சேமியாவுக்கு உடன்பிறப்பு. சேமியா கம்பி, இது குழல், அவ்வளவுதான் வேற்றுமை. நாங்கள் இதைச் சமைப்பதில்லை. சாயம் ஏற்றி, குழந்தைகள் வார்டில் விளையாடக் கொடுக்கிறோம்.

"பசித்தவனுக்கு ஆகாரம் கொடுக்கவேண்டிய மிஷன் மருத்துவமனை, ஆகாரத்துக்குச் சாயம் போட்டு விளையாடுகிறதா?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நினைக்கத்தான் வேண்டும். எங்களிடம் இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் மலையைச் சேர்ந்த ஒரு பாட்டி. வாய் திறந்து கேட்கவில்லை. வேறு விதமாகக் கேட்டார்கள். அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

மலையும் அடுப்பும்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மேலே போய்ச் சேரலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து உண்டார்கள். பிற்காலத்தில் அந்நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கிழங்குக்கு மாறியது. கிழங்கு லாரி ஏறிக் கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. பணம் வருகிறது, ஆனால் குதிரில் இருந்த தானியம் குறைந்துபோனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலையில் குளிர் அதிகம். மார்கழியிலும் தையிலும் குடிசைக்குள் அடுப்பைச் சுற்றித்தான் குடும்பமே இருக்கும். அடுப்பு தரையில், பிள்ளைகளும் தரையில். ஆகையால் தீக்காயத்தோடும் வெந்நீர்க் காயத்தோடும் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்தவள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. கேழ்வரகுக் களி கிண்டும்போது பானை சரிந்து, கொதிக்கும் களி வலது கையில் விழுந்துவிட்டது. களி தண்ணீரைப்போல வழிந்து ஓடாது. தோலோடு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். பதறிப்போன வீட்டார் பற்பசையைப் பூசி, துணியால் கட்டித் தூக்கி வந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சுட்ட காயத்தின்மேல் பற்பசையோ, பேனா மையோ, சாணமோ, மண்ணோ பூசாதேயுங்கள். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காயத்தைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். இதை நீங்கள் உங்கள் சபையில் நான்கு பேருக்குச் சொன்னாலும், இன்றைய கூட்டம் வீணாகாது.

அந்தச் சிறுமியின் புண் கர்த்தருடைய கிருபையாலும் தாதியரின் உழைப்பாலும் ஆறியது. புண் ஆறுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை என்பதைத் தீக்காயம் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆறிய தழும்பு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். விரல்களை உள்ளங்கையை நோக்கி இழுக்கும். இரவில் சிம்பு வைத்துக் கட்டவேண்டும். பகலில் விரல்களை நீட்டி மடக்கவேண்டும். இல்லாவிட்டால் கை மூடியபடியே நின்றுவிடும். பெரியவர்களிடம் காரணம் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன காரணம் சொல்வது? எங்கள் பிசியோதெரபி சகோதரியைக் கண்டாலே அவள் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வாள். ஜெபிக்கப் போன எங்களையும் ஊசி போட வந்தவர்கள் என்று எண்ணிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு பெட்டி வந்தது

அந்த நாட்களில் கீழ்நாட்டுச் சபை ஒன்றிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து மிஞ்சிய பொருட்களை எங்கள் பிள்ளைகளுக்கென்று அன்போடு அனுப்பியிருந்தார்கள். படம் வரையும் தாள்கள், மெழுகு வண்ணக்குச்சிகள், அவற்றோடு இரண்டு பை நிறைய வண்ண மக்ரோனி. மாலை கோப்பதற்கும், அட்டையில் ஒட்டிப் படம் செய்வதற்கும் மேல்நாட்டு ஞாயிறு பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கிருந்து நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அரிசியைக் காலால் மிதிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவிட்டோம். பிசியோதெரபி சகோதரிதான் அதை இறக்கினார்கள். ஒரு ஷூ லேஸை எடுத்து, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, சிறுமியின் கட்டிலில் உட்கார்ந்து, அவளிடம் ஒன்றும் பேசாமல், தானாகவே ஒவ்வொன்றாய்க் கோக்க ஆரம்பித்தார்கள். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். ஐந்தாறு கோத்ததும் வேண்டுமென்றே இரண்டு சிவப்பைச் சேர்த்துக் கோத்தார்கள். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்: "தப்பு."

"அப்படியானால் நீயே சரியாகப் போடு" என்று லேஸை நீட்டினார்கள். கை வெளியே வந்தது.

மக்ரோனியில் என்ன விசேஷம் என்று நாங்கள் அந்தச் சகோதரியிடம் பிறகு கேட்டோம். அவர்கள் சொன்ன விளக்கம் எங்களுக்குப் பாடமாயிற்று. குழலை எடுக்கப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேரவேண்டும். அந்தப் பிடிதான் பென்சில் பிடிக்கவும், பொத்தான் போடவும், களை பிடுங்கவும் வேண்டிய பிடி. ஒரு கை குழலைப் பிடிக்க, மறு கை லேஸை நுழைக்க, இரண்டு கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும். அதிகமாய் அழுத்தினால் குழல் உடைந்துவிடும். ஆகையால் எவ்வளவு பலம் போடவேண்டும் என்பதையும் விரல் கற்றுக்கொள்ளும். கனமில்லை. மணியைப்போல உருண்டு கட்டிலுக்கடியில் ஓடுவதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, ஒரு பிள்ளை தொட்டதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காமல் எறிந்துவிடலாம். மருத்துவமனையில் பொம்மைகள் வழியாகக் கிருமி பரவுவதுண்டு. தீக்காயம் பட்ட பிள்ளைக்கு அது பெரும் ஆபத்து. புண் முழுவதும் மூடிய பிறகே எதையும் கையில் கொடுக்கிறோம். அப்போதும் ஆளுக்கொரு தனிப்பொட்டலம்தான்.

இந்த மலைக்குப் பழக்கமான பாடம்

பிரியமானவர்களே, கைகளைப் பற்றிய இந்தப் பாடம் கொல்லிமலைக்குப் புதிதல்ல. 1913ல் ஜெஸ்ஸி பிராண்ட் ஐயரும் அவர் மனைவி ஈவ்லின் அம்மையாரும் இந்த மலையில் வந்து குடியேறினார்கள். அடுத்த ஆண்டு, 1914ல், அவர்களுக்குப் பிறந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். சிறுவன் பால் மலைப்பிள்ளைகளோடு மரமேறி விளையாடி வளர்ந்தான். தகப்பனார் 1929ல் கருநீர்க் காய்ச்சலால் வாழவந்தியில் மரித்தார். லண்டனில் ஓவியம் பயின்ற அந்த அம்மையார், முதிர்ந்த வயதிலும் மலைமக்களைவிட்டு நீங்காமல் ஊழியம் செய்து, 1974ல் தமது 95ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். மலைமக்களுக்கு அவர்கள் 'பாட்டி'.

மகன் 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் பணியில் உலகுக்கு வழிகாட்டினார். ஆனால் கத்தி செய்யும் வேலை பாதிதான் என்பதை அவர் விரைவிலேயே கண்டார். நிமிர்ந்த விரலுக்கு ஒரு வேலை வேண்டும். ஆகவே வேலூர் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையத்தைத் தொடங்கினார். எளிய குடில்கள், ஒரு தச்சுப்பட்டறை. இளமையில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றிருந்த டாக்டர், அறுவை முடிந்த நோயாளிகளுக்குத் தாமே உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் செய்த பொருள்களில் மர விளையாட்டுச் சாமான்களும் உண்டு. யாரும் தொடத் தயங்கிய கைகள் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்தன! 2003ல் மரித்த அந்த மருத்துவர் வளர்ந்த மலையில், ஒரு சிறுமியின் கை விளையாட்டால் திறந்தது தற்செயல் என்று நாங்கள் எண்ணவில்லை.

பாட்டி கேட்ட கேள்வி

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறோம். சிறுமிக்குத் துணையாக இருந்தவர்கள் அவளுடைய பாட்டி. தகப்பனும் தாயும் கூலி வேலைக்குக் கீழே போயிருந்தார்கள். பாட்டி அதிகம் பேசமாட்டார்கள். பேத்தி கோக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் விடியற்காலை. வார்டுக்குப் பின்னால், நோயாளிகளுடன் இருப்பவர்கள் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை உண்டு. ஜெபத்திற்குப் போகும் வழியில் அங்கே குழாயடியில் பாட்டி எதையோ அலசிக்கொண்டிருப்பதைக் கண்டோம். பாத்திரத்திலிருந்து வழிந்த தண்ணீர் சிவப்பாகவும் பச்சையாகவும் ஓடியது. அருகில் போய்ப் பார்த்தோம். மக்ரோனி. பேத்தியின் பொட்டலத்திலிருந்து மடியில் கட்டி எடுத்து வந்திருந்தார்கள்.

நாங்கள் பதறிவிட்டோம். அந்தப் பெட்டியில் வந்தவை எந்தச் சாயத்தில் தோய்த்தவை என்று எங்களுக்குத் தெரியாது. "ஐயோ பாட்டி, இது தின்னக்கூடாது, விளையாட்டுச் சாமான்!" என்று பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கிக் கொட்டிவிட்டோம்.

பாட்டி கொட்டியதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "வெளையாட்டுச் சாமான்னு தெரியும் ஐயா. கழுவினா சோறுதானேன்னு பாத்தேன். நேத்து காலையில கொஞ்சம் கஞ்சி குடிச்சதுதான்."

சகோதர சகோதரிகளே, நாங்கள் முதலில் பிடுங்கினோம். பிறகுதான் பசியைப் பற்றித் தெரிந்துகொண்டோம். இந்த வரிசை எங்களை இன்றுவரை உறுத்துகிறது. சிறுமிக்கு மூன்று வேளையும் ஆகாரம் கொடுத்தோம்; முட்டையும் பாலும் கொடுத்தோம். புண் ஆறப் புரதம் வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுத்தோம். அந்தக் கட்டிலின் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கணக்கிடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தானியம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. அதன்பின் பேத்தி தட்டில் மிச்சம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பேத்தி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தது எங்களுக்கு மகிழ்ச்சி. பாட்டிக்கோ அதுவே பட்டினி.

தினமும் அந்தக் கட்டிலருகே நின்று ஜெபித்தவர்கள் நாங்கள். எங்கள் கண்ணுக்குத் தெரியாததை ஒரு கைப்பிடி மக்ரோனி காட்டியது.

முதலில் பந்தி, பிறகு பம்பரம்

அன்று மாலையே மருத்துவமனைக் குழுவினர் கூடிப் பேசினோம். இரண்டு தீர்மானங்கள் எடுத்தோம். ஒன்று, குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு பிள்ளையோடும் இருக்கும் ஒருவருக்கு மதிய ஆகாரம் மருத்துவமனையே கொடுப்பது. சோறு, சாம்பார், ஒரு காய். சில நாள் களியும் கீரைக் குழம்பும். இரண்டு, மக்ரோனி விளையாட்டை அடியோடு நிறுத்திவிடுவது. பசியுள்ள இடத்தில் ஆகாரத்தை விளையாட்டுப் பொருளாக்கியது பாவம் என்று எங்களில் பலர் சொன்னார்கள். நாங்களும் கையைத் தூக்கினோம். உலகில் இப்படி எண்ணுகிறவர்கள் நாம் மட்டும் அல்ல. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் மரபை மதித்து, உணவுப் பொருளை விளையாட்டுக்குப் பயன்படுத்தாத பாலர் பள்ளிகள் பல உண்டு.

முதல் தீர்மானம் நிலைத்தது. இரண்டாவதை எட்டாம் நாளே மாற்றவேண்டியதாயிற்று. மாற்றச் சொன்னவர் யார் தெரியுமா? அதே பாட்டி.

மதியம் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்கள். "ஐயா, அந்தக் கலரு குழாயைக் குடுங்க. புள்ள கையை மடக்கிக்கிட்டே கெடக்குது" என்றார்கள். "அது சாப்பாட்டுச் சாமான் ஆயிற்றே, பாட்டி?" என்றோம். "நாந்தான் சாப்பிட்டுட்டேனே. இனிமே அவ வெளையாடட்டும்" என்றார்கள்.

செமினரியில் எத்தனையோ வேதசாஸ்திரப் புத்தகங்கள் படித்தோம். இவ்வளவு தெளிவான தீர்ப்பை நாங்கள் கேட்டதில்லை. யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடு எழுப்பியதை எல்லாரும் அறிவோம். எழுப்பியவுடன் அவர் சொன்ன காரியத்தைப் பலமுறை வாசித்தும் கவனியாமல் விட்டிருக்கிறோம். அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி கட்டளையிட்டார். அற்புதம் முடிந்ததும் ஆகாரம். சகரியா தீர்க்கதரிசியின் எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்த்தர் எருசலேமைத் திரும்பக் கட்டும்போது நகரம் எப்படியிருக்கும் என்று சொல்லுகிற இடத்தில், கோலூன்றிய கிழவரும் கிழவியும் வீதிகளில் உட்கார்ந்திருக்க, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அங்கே விளையாடுவதைக் காண்கிறோம். பாட்டி பசியாறி உட்கார்ந்திருக்க, பேத்தி விளையாடுகிறாள். எங்கள் வார்டில் அந்த அதிகாரத்தை மக்ரோனியோடு கண்டோம்.

செய்யும் முறை

அதன்பின் மக்ரோனிக்கு நாங்களே சாயம் ஏற்றுகிறோம். வண்டு விழுந்தோ, தேதி கடந்தோ சமையலுக்கு ஆகாமல்போன பாக்கெட்டுகளைக் கடைக்காரர் ஒருவர் ஒதுக்கி வைத்துத் தருகிறார். அவற்றைச் சலித்து, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துகிறோம். உங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கேட்பார்கள் என்பதால் முறையைச் சொல்லுகிறோம்.

வேகவைக்காத மக்ரோனி இரண்டு டம்ளர். வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டி. உணவில் சேர்க்கும் கலர், திரவமானால் அரை டீஸ்பூன், பொடியானால் இரண்டு சிட்டிகை. கலரை முதலில் வினிகரில் கரைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள டப்பாவில் மக்ரோனியைப் போட்டு, இந்தக் கரைசலை ஊற்றி மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். ஒரு பாட்டும் சேர்ந்துகொண்டால் இன்னும் நன்றாய்க் குலுங்கும். நிறம் எங்கும் பரவியதும் பழைய செய்தித்தாளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு உலர்த்துங்கள். கீழ்நாட்டில் ஒரு இரவு போதும். எங்கள் மலையில் மூடுபனிக் காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும். தண்ணீர் சேர்க்காதேயுங்கள், குழல் இளகி ஒட்டிக்கொள்ளும். சிலர் வினிகருக்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றுவார்கள். சீக்கிரம் உலரும் என்பது உண்மை. ஆனால் அது தீப்பிடிக்கும் பொருள், வாயில் வைத்தால் கெடுதி. தீக்காயப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எங்களுக்கு வேண்டாம். மஞ்சள்தூளை வினிகரில் குழைத்தாலும் அழகான மஞ்சள் நிறம் வரும். வெயில் பட்டால் வெளுக்கும்.

கலர் வாங்கும்போது கவனம். பாக்கெட்டில் உணவுத்தரக் குறியும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கோலப்பொடி, துணிச்சாயம், சந்தையில் உதிரியாய் விற்கும் பொடி எதுவும் கூடாது. துணிக்கும் தாளுக்கும் போடும் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது நினைவிருக்கும். பிள்ளையின் கையில் இருப்பது பிள்ளையின் வாய்க்குப் போகும். பாட்டியின் பானைக்கும் போகலாம் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டோம். ஆகையால், தின்பதற்கல்ல என்று சொல்லிக் கொடுத்தாலும், தின்றாலும் தீங்கு செய்யாத பொருள்களால் மட்டுமே செய்கிறோம்.

மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதில்லை, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரிய பிள்ளைகளோடும் ஒருவர் உடன் உட்கார்ந்திருக்கவேண்டும். மிஞ்சியதைக் காற்றுப் புகாத டப்பாவில், காய்ந்த வேப்பிலை நான்கு போட்டு வையுங்கள்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. "மக்ரோனி எதற்கு, குன்றிமணி இருக்கிறதே" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். கண்ணுக்கு அழகு, உள்ளே கொடிய நஞ்சு. முழுதாய் விழுங்கினால் கெட்டித்தோல் காப்பாற்றிவிடலாம். மென்றாலும், மாலை கோக்கத் துளையிட்டாலும் நஞ்சு வெளிப்படும். ஆமணக்கு விதையும் அரளி விதையும் நஞ்சுள்ளவையே. இவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். தின்றதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டுக்குப் போனபோது

சிறுமி ஏறத்தாழ இரண்டு மாதம் எங்களோடு இருந்தாள். அவள் போகும் நாளில் கழுத்தில் மூன்று சுற்று வண்ணமாலை, பிசியோதெரபி சகோதரிக்கு ஒன்று, எங்களுக்கும் ஒன்று. சுண்டுவிரல் முழுவதும் நிமிரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். இரவில் சிம்பு வைக்கவேண்டும், மாதந்தோறும் வந்து காட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். "மலை ஏறி வர ஒரு நாள் கூலி போகும், வருவார்களா?" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

வந்தார்கள். பாட்டியின் மடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்துக் காட்டினார்கள். சுண்டுவிரல் கனத்தில் மூங்கில் கிளைகளை அங்குலம் அங்குலமாக அறுத்து, முனைகளைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கி, மஞ்சள் பூசியிருந்தார்கள். அச்சு அசல் மக்ரோனிக் குழல்! "வீட்டுல இதைத்தான் கோக்கறா. இதை யாரும் கழுவிச் சமைக்க மாட்டாங்க, ஐயா" என்று சிரித்தார்கள். அவர்கள் சிரித்து நாங்கள் பார்த்தது அதுவே முதல் முறை.

இப்போது எங்களிடம் இரண்டும் இருக்கின்றன. புதிதாய்ப் புண் ஆறிய கைக்கு, உடைந்து பாடம் சொல்லும், எறிந்துவிடத் தக்க மக்ரோனி. வீட்டுக்குப் போகும்போது கொடுத்தனுப்ப, உடையாத மூங்கில் குழல். அந்தப் பாட்டி காட்டிய மாதிரியில் வேறு தாய்மார்களும் வார்டில் உட்கார்ந்து அறுத்துத் தேய்த்துத் தருகிறார்கள்.

அன்பானவர்களே, இன்று உங்களிடம் மக்ரோனி கேட்க வரவில்லை. தயவுசெய்து பெட்டி பெட்டியாய் அனுப்பிவிடாதீர்கள்! எங்களுக்கு வேண்டியது கட்டிலின் கீழே பாயில் படுத்திருப்பவரின் மதியச் சாப்பாடு. மருந்துக்கும் கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். அவற்றில் பெயர் பொறிக்கலாம். ஒரு பாட்டி சாப்பிட்ட சோற்றில் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது. ஆனால் அந்தச் சோறு இல்லாவிட்டால் பாட்டி எழுந்து ஊருக்குப் போய்விடுவார்கள். பேத்தியும் கூடப் போய்விடுவாள். கை பாதியில் மூடிக்கொள்ளும். டாக்டரின் திறமையும், தாதியின் உழைப்பும், விளையாட்டின் மகிழ்ச்சியும் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டின்மேல் நிற்கின்றன.

வீட்டிற்குப் போனதும் உங்கள் ஜெபக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்காக. உங்கள் ஊர் மருத்துவமனைக்கு யாரையேனும் பார்க்கப் போனால், கட்டிலில் இருப்பவரிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டபின், கட்டிலருகே இருப்பவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்குப் பல ஆண்டுகளும் ஒரு பாத்திரம் சாயத்தண்ணீரும் தேவைப்பட்டன.

இந்த டப்பாவை வாசலருகே மேசையில் வைக்கிறோம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு குழலும் ஒரு நூலும் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் பக்கத்திலிருக்கும் காணிக்கைப் பெட்டியைப் பாருங்கள். உங்களையும் உங்கள் குடும்பங்களையும், மலையிலுள்ள எங்கள் பிள்ளைகளையும், அவர்களோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மாரையும் பாட்டிமாரையும் கர்த்தர் தாமே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.